புளிக்காத புளிச்சக்கீரை

வாங்க தம்பி, செருப்ப அங்கயே விட்டுட்டு வாங்க. மேல் வீட்டத்தானே பாக்கோணும்? தொறப்பு, அதான் சாவி, இடுப்புலதான் சொருகியிருக்கறேன், ஏறிப் பாத்துரலாம். காத்து, வெளிச்சம், சிறுவாணித் தண்ணி, ஒரு கொறையும் கெடையாதுங்க. ஆனா அதுக்கு முன்னாடி இந்த மோரக் குடிச்சுட்டு நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க. முன்னாடி குடியிருந்தவன் எதுக்கு அப்படிப் போனான்னு வீதியில ஆளுக்கொரு கதை கட்டுவாங்க. அவுங்க சொல்றதுக்கு முந்தி நானே சொல்லிட்டா எனக்கு நிம்மதி.

நித்திலன்னு பேரு. கம்ப்யூட்டர் வேலை. பையனக் குத்தம் சொல்ல வரலீங்க. சத்தமில்ல, சண்டையில்ல, சொந்தம், ஒறம்பரைன்னு ஒருத்தரும் வந்து தங்கினதில்ல. எப்பப் பாத்தாலும் ஊதுபத்தி கொளுத்திட்டே இருப்பான், அம்புட்டு பக்தி. என்ர வீட்டுக்காரர் போனதுக்கப்பறம் பேச்சுத்துணையே இல்லாமக் கெடந்தேன். இவன் வந்தப்பறம் தெனமும் காலைல "அம்மா, தண்ணி விட்டுட்டாங்களா?"ன்னு மேல இருந்து ஒரு குரல் வரும். அது எனக்குப் போதுமா இருந்துச்சு.

ஒருக்கா அவன் ஊருக்குப் போயிருந்தப்ப மேல குழாய் சொட்டற சத்தம் கேட்டுது. என்கிட்ட இன்னொரு தொறப்பு இருக்குது, தொறந்து உள்ள போனேன். வீட்டுக்காரி போகக் கூடாதுங்களா? ஊறறது என்ர சுவருதானே? குழாய மூடிட்டுத் திரும்பினா, சுவத்து அலமாரி இடுக்குல இருந்து ரோஸ் கலர்ல வெளிச்சம் வருது. உள்ள ஃபேன் ஓடற சத்தம் வேற. என்னடா இதுன்னு கதவத் தொறக்கறேன், ஒரு தொட்டி, அதுல ஒரு செடி. செடிக்கு ஃபேன் போட்டு வெச்சிருக்கறானுங்க. கரண்டு ஆகுமேன்னு நான் கீழ வெசறிய ஆட்டிட்டு உக்காந்திருக்கறேன்.

எலய ஒரு தடவ பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அஞ்சு வெரலாட்டம் விரிஞ்சு, ஓரமெல்லாம் ரம்பப் பல்லு. புளிச்சக்கீரை. எங்கம்மா வீட்டுக்குப் பின்னாடி பொடக்காளியில காடா மண்டிக் கெடக்கும், எனக்கா தெரியாது?

இந்தத் தனபாக்கியத்தப் பத்தி நீங்க வீதியில விசாரிச்சுப் பாக்கலாம். மாடித்தோட்டக் கழகத்துக்கு நான் துணைத் தலைவிங்க. யாரு வீட்டுல ரோசா சொணங்கினாலும் எனக்குத்தான் போன் வரும். செடிக்கு வாயில்ல பாருங்க, அது படற பாட்டையெல்லாம் எலையிலதான் எழுதி வெக்கும். படிக்கத் தெரிஞ்சவங்களுக்குப் புரியும். அந்தச் செடி எழுதியிருந்தத நான் படிச்சுட்டு நின்ன எடத்துலயே கண்ணு கலங்கிட்டேன். நுனியெல்லாம் தீஞ்சு போயிருக்குது, அப்படின்னா கடையில விக்கற உரத்தை அளவில்லாம ஊத்தியிருக்கறான். ஓரம் மேல்பக்கமா மடங்கிப் பரிசல் கணக்கா நிக்குது, சூடு தாங்கலைன்னு அர்த்தம். அடியெல மஞ்சப் பாஞ்சு ஒண்ணொண்ணா உதுந்துட்டு இருக்குது. மண்ணுல வெரல விட்டா சொதசொதன்னு சேறு, வேரு மூச்சு முட்டிக் கெடக்குது. ஒரு செடிக்கு என்னென்ன கஷ்டம் வரலாமோ அத்தனையும் அந்த அலமாரிக்குள்ள வெச்சுக் குடுத்திருக்கறான். தொட்டியத் தூக்கி மொட்ட மாடில கொண்டாந்து வெச்சுட்டேன்.

ஊருல இருந்து வந்தவன் தோள்பையக் கூட எறக்கலீங்க. மாடில செடி வெயில்ல நிக்கறதப் பாத்தான், பக்கத்து வீட்டப் பாத்தான், மறுபடி செடியப் பாத்தான். பக்கத்து வீடு போலீஸ் இன்ஸ்பெக்டர் வீடு. அவரு சம்சாரம் பிரேமலதாதான் எங்க கழகத்துக்குத் தலைவி. அவளப் பத்தி அப்பறம் சொல்றேன்.

"ஏன் சாமி, புளிச்சக்கீரைய யாராச்சும் அலமாரிக்குள்ள வெப்பாங்களா?"ன்னு கேட்டேன்.

தோள்பைய எறக்கி வெச்சுட்டு என்ர மொகத்தைப் பாத்தான். அப்பறம் மெதுவா, "ஆமாங்கம்மா, புளிச்சக்கீரைதான்"ன்னான். ஆம்பளப் பையன் கீரை வளத்தறதச் சொல்லக் கூச்சப்படறானாட்ட இருக்குதுன்னு நான் நெனச்சுக்கிட்டேன். உள்ளயே வெச்சுக்கறேன், குடுத்துருங்கம்மான்னு கெஞ்சினான். நான் குடுக்கலீங்க. பச்சப்புள்ளைய இருட்டுல அடச்சு வெச்சவன் கையில மறுபடியும் எப்படிக் குடுக்கறது?

அப்பறம் என்ர வைத்தியம் ஆரம்பிச்சுது. நல்ல தண்ணிய விட்டு விட்டுப் பழைய உரத்தையெல்லாம் அலசி எடுத்தேன். மண்ண மாத்தினேன். அரிசி கழுவின தண்ணி ஒரு நாளு, புளிச்ச மோருல தேங்காப்பால் கலந்து ஒரு நாளு, வாரம் ஒருக்கா மீன் கழிவ வெல்லத்தோட ஊற வெச்ச மீன் அமிலம். சும்மா சொல்லக் கூடாது, செடி என்னைக் கைவிடலை. எல நிமுந்துச்சு, தண்டு முறுக்கேறுச்சு, தளதளன்னு என்ர ஒசரத்துக்கு வந்துட்டுது. ஒரே ஒரு கொறைதான். வாயில போட்டு மென்னு பாத்தா புளிப்பே இல்லீங்க.

புளிச்சக்கீரைன்னா புளிக்கோணுமில்லீங்களா? நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். கடேசில புரிஞ்சுது. மன உளைச்சல்தான். சின்ன வயசுல அலமாரிக்குள்ள கெடந்து பட்ட பாடு உள்ளுக்குள்ள இன்னும் இருக்குது. மனுசனுக்கே கவலை வந்தா வாய் ருசி போயிருதே. பூ வந்தப்பவும் அப்படித்தான். புளிச்சக்கீரைக்கு மஞ்சப் பூ, நடுவுல செவப்பு. இது பச்சையா, பிசுபிசுன்னு, கம்பங்கதிராட்டம் என்னத்தையோ வெச்சிருக்குது. ஒழுங்காப் பூக்கக்கூடத் தெம்பில்லாத அளவுக்கு அந்தப் பையன் அதப் படுத்தி வெச்சிருக்கறான். புளிப்பு ஏறாம அதுல ஒரு எலையக் கூடச் சட்டியில போடமாட்டேன்னு முடிவு பண்ணிட்டேன். தெனமும் காலைல நித்திலனக் கூப்புட்டு ஒரு எலையக் குடுப்பேன். "புளிக்குதா சாமி?"ன்னு கேப்பேன். கண்ண மூடிட்டு மெல்லுவான், "இன்னும் இல்லீங்கம்மா"ம்பான். அதுல மட்டும் பொய் சொல்ல மாட்டான்.

நாத்தம் வேற கெளம்பிருச்சு. வீதி முக்குல வரும்போதே மூக்குல ஏறும். மீன் அமிலம்னா அப்படித்தானே இருக்கும்? ஆனா அந்த நாத்தத்தையும் பொருட்படுத்தாமப் பின் வீதி ஹாஸ்டல்ல இருந்து காலேஜுப் பசங்க கூட்டங்கூட்டமா வந்தாங்க. செடியப் பாக்கலாமான்னு அம்புட்டு பணிவாக் கேப்பாங்க. எலையத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுப் போனவனும் உண்டு. இந்தக் காலத்துப் பசங்களுக்கு வெவசாயத்துல ஆர்வமில்லைன்னு யாருங்க சொன்னா?

ஏன் தம்பி இருமறீங்க? மோர் பொறை ஏறிருச்சா? மெதுவாக் குடிங்க.

பிரேமலதா கதைக்கு வர்றேன். எங்க கழகத்துல வருசா வருசம் நல்ல கீரைத் தொட்டிக்கு ஒரு பரிசு உண்டு. வெறும் எவர்சில்வர் குடந்தான். ஆனா வருசா வருசம் அவளேதான் வாங்குவா. நடுவரா வர்றவங்களுக்கு இன்ஸ்பெக்டர் வீட்டு ஜீப்பைப் பாத்ததும் கண்ணு தெரியாமப் போயிருது. இந்தத் தடவ என்ர புளிச்சக்கீரைக்கு முன்னாடி அவ பொன்னாங்கண்ணி நிக்குமா? குடம் எனக்குத்தான்னு வீதியே பேசுச்சு. அவளுக்குப் பொறுக்குமா?

ஒரு நாளு தண்ணி ஊத்தப் போனவ பாக்கறேன், நல்ல எளங்கொம்பு ஒண்ணு ஒடிஞ்சிருக்குது. காத்துல ஒடிஞ்சா நாரு நாராப் பிஞ்சிருக்கும். இது நகத்தால கிள்ளினது. யாருன்னு கண்டுபிடிக்க ரொம்பத் தூரம் போக வேண்டியதில்லீங்க. கேட்டு வாங்கற செடி வேர் புடிக்காது, சொல்லாம எடுத்த செடிதான் செழிக்கும்னு நம்ம ஊருல சொல்லுவாங்களே. மாடிக்கு மாடி மூணடி சந்து, கைய நீட்டினா எட்டும். கொஞ்ச நாளுல அவ வீட்டு வாசல் கேட்டுக்குப் பக்கத்துல, என்ர செடியோட கொம்பு, ஜம்முன்னு ஒரு புதுத் தொட்டியில நிக்குது. திருஷ்டிக்கு ஒரு பொம்மை வேற கட்டித் தொங்கவிட்டிருக்கறா. அதுக்குப் பக்கத்துல புருசனை யூனிபார்மோட நிக்க வெச்சுப் போட்டோ எடுத்துக் கழகத்து வாட்ஸாப்புல போட்டா. அந்த மனுசனும் சிரிச்சுட்டு நிக்கறாரு. செடி கொடிய எல்லாம் அவரு என்னிக்குமே திரும்பிப் பாத்ததில்ல, சம்சாரம் நில்லுன்னா நிப்பாரு.

அந்தப் போட்டோவ நித்திலன்கிட்டக் காட்டினேன். பாத்தவன் அப்படியே படியில உக்காந்துட்டான். எனக்காக அம்புட்டு வருத்தம் அவனுக்கு.

அதுக்கப்பறந்தான் கொலபாதகம் ஆரம்பிச்சுது. ஒரு நாளு செடியில எல ஓரம் சுத்தி ஒரே சீராக் கருகியிருக்குது. உரத்தால வந்ததுன்னா நுனிதான் கருகும், இது வேற. குனிஞ்சு பாத்தா மேல்மண்ணு வெள்ளையாப் பூத்திருக்குது. தொட்டு நக்கினேன், உப்பு. யாரோ உப்புத் தண்ணி ஊத்தியிருக்கறாங்க. நித்திலன், "செத்துரும் போல இருக்குதுங்கம்மா, தூக்கிப் போட்டுரலாம்"ன்னான். அவனுக்குப் பாவம் பாக்கச் சகிக்கலை. நான் விடுவேனா? மண்ணக் கழுவி, நெழலுக்கு மாத்தி, எளநி ஊத்திப் பொழைக்க வெச்சேன். அப்பறம் ஒரு நாளு மொத்தச் செடியும் வெந்த கீரையாட்டம் தொங்குது. தாகத்துல தொங்கற செடி சாயங்காலம் நிமுந்துரும், இது நிமுரலை. தொட்டியத் தொட்டா இன்னும் கதகதன்னு இருக்குது. சுடுதண்ணி. அதையும் பொழைக்க வெச்சேன்.

இதெல்லாம் யாரு வேலை? பிரேமலதாதான். வேற யாருக்கு என்ர செடி மேல பொறாமை? காவலுக்குன்னு நித்திலனையே மாடில படுக்க வெச்சேன். என்ன ஒரு தைரியம் பாருங்க, அவன் காவல் இருக்கும்போதே இந்தத் தடவ வேருலயே கத்தரி போட்டிருக்கறா. பையன் தூக்கமில்லாம எளைச்சு, கண்ணு குழி விழுந்து, தலைமுடி வேற கொத்துக் கொத்தாக் கொட்டுச்சு. ஆபீசுல வேலை சாஸ்தியாட்ட இருக்குதுன்னு கொள்ளு ரசமும் அரிசிம்பருப்புச் சோறும் குடுத்துப் பாத்தேன். ஒண்ணும் தேறலை. மனுசனுக்கு என்ன வருதுன்னு யாரு கண்டாங்க?

பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு ஒரு நாளு நானே போலீஸ் ஸ்டேஷனுக்குக் கெளம்பிட்டேன். புருசன் இன்ஸ்பெக்டர்னா பொண்டாட்டி என்ன வேணா பண்ணலாமா? சாட்சிக்கு இருக்கட்டும்னு நல்லதா ஒரு கொம்பும், கருகின எல நாலும் கவருல போட்டு எடுத்துக்கிட்டேன். அவசரத்துல கண்ணாடிய மறந்துட்டுப் போயிட்டேன். இன்ஸ்பெக்டர் மரியாதையா உக்கார வெச்சாரு. கவரக் கவுத்து அவரு மேஜை மேல கொட்டினேன்.

அவருக்குப் பின்னாடி சுவத்துல ஒரு பெரிய போஸ்டருங்க. எனக்கு ஆச்சரியமாப் போச்சு. எங்க செடியோட எலையத்தான் பெருசாப் படம் போட்டிருக்குது, மேல குறுக்கால ஒரு செவப்புக் கோடு. எழுத்துத் தெரியலை, ஆனா பார்க்குல எல்லாம் செடியப் பறிக்காதேன்னு போட்டிருக்குமே, அந்த மாதிரிதான். சர்க்காருக்கு இருக்கற அக்கறை கூட உங்க சம்சாரத்துக்கு இல்லீங்களேன்னு அந்தப் படத்தக் காட்டியே கேட்டேன்.

மனுசன் எலையப் பாத்தாரு. திரும்பிப் போஸ்டரப் பாத்தாரு. மறுபடி எலையப் பாத்தாரு. அங்க நின்னுட்டிருந்த போலீஸ்காரங்களை எல்லாம் டீ குடிச்சுட்டு வரச் சொல்லி வெளிய அனுப்பினாரு.

"இது யாரு செடிங்கம்மா?"

"எங்க வீட்டுல குடியிருக்கற நித்திலனோடதுங்க. பொழைக்க வெச்சு வளத்தது நானு. அதுலதான் உங்க சம்சாரம் திருடியிருக்கறாங்க. உங்க வீட்டு வாசல்லயே நிக்குதுங்களே, அதுக்குப் பக்கத்துலதானே நீங்க போட்டோ எடுத்துக்கிட்டீங்க?"

அந்த மனுசன் மொகத்துல என்ன கண்டேன் தெரியுங்களா? அலமாரியத் தொறந்த அன்னிக்கு அந்தச் செடியில கண்ட அத்தனையும் கண்டேன். வேர்த்து ஊத்துது, ஒதடு காஞ்சு போச்சு, தோளு ரெண்டும் தொங்கிப் போச்சு. சம்சாரம் திருடினான்னு கேட்டா எந்த மானஸ்தனுக்கும் அப்படித்தான் இருக்கும். எனக்கே பாவமாயிருச்சு, பெருசு பண்ண வேண்டாம், கண்டிச்சு வெச்சாப் போதும்னேன். கம்ப்ளெயிண்ட் எழுதித் தரவான்னு கேட்டேன். வேண்டாம், வேண்டவே வேண்டாம், பொழுதோட நானே நேருல வர்றேன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு.

வீட்டுக்கு வந்ததும் நல்ல சேதி சொல்லலாம்னு நித்திலனக் கூப்புட்டேன். "ஸ்டேஷன்ல போய் எலையக் குடுத்துட்டு வந்துட்டேன் சாமி. செடி உன்னுதுன்னு சொல்லிட்டேன். பொழுதோட இன்ஸ்பெக்டரே உன்னைப் பாக்க வர்றாரு, இனிமேல் உனக்குக் கவலையில்ல"ன்னேன். கடைக்குப் போயிட்டு வந்தர்றேங்கம்மான்னு எறங்கினவந்தான். கதவக் கூடச் சாத்தலை. ஷூ அப்படியே கெடக்குது. வெறுங்காலோட என்ன கடைங்க அது?

பொழுதோட இன்ஸ்பெக்டர் வந்தாரு. லுங்கி கட்டிக்கிட்டு, கையில ரெண்டு சாக்கோட. இந்தச் செடிக்கு ஒரு புது வைரஸ் வந்திருக்குதாம், பக்கத்துல இருக்கற மனுசங்களுக்கும் ஒட்டிக்குமாம், வேரோட எரிக்கச் சொல்லி மேல இருந்து உத்தரவாம். நான் விடுவேனா? வைரஸ்னா எல தேமல் தேமலாச் சுருங்கும், இது நல்ல எல, இதுக்கு இருக்கறது மன உளைச்சல் மட்டுந்தான்னு எம்புட்டோ எடுத்துச் சொன்னேன். காதுலயே வாங்கலை. என்ர கண்ணு முன்னாடியே புடுங்கிச் சாக்குல திணிச்சாரு. வெளிய வந்து அவரு வீட்டு வாசல்ல இருந்ததையும் புடுங்கினாரு. பிரேமலதா தலைவிரி கோலமா ஓடியாந்து தொட்டியக் கட்டிப் புடிச்சுக்கிட்டா. கடேசில அவளும் நானும் கேட்டுல சாஞ்சுட்டு ஒண்ணா அழுதோம். அத்தனை வருசப் பகையும் அன்னிக்குப் போச்சுங்க. குடம் அந்த வருசம் எவளோ ஒருத்தியோட வெந்தயக்கீரைக்குப் போச்சு.

இன்ஸ்பெக்டர் போகும்போது, "வேற எங்கயும் இல்லீங்களே?"ன்னு கேட்டாரு. இல்லைன்னேன். போலீஸ்காரர்கிட்டப் பொய் சொல்லக் கூடாதுதான். ஆனா பூஜை ரூமுல முருகன் படத்துக்குப் பின்னாடி ஒரு பாட்டில் தண்ணில ஒரு கொம்பு வேரு விட்டுட்டு இருந்துச்சு. அதையும் கொன்னுட்டா நான் அப்பறம் எதுக்குங்க இருக்கறது?

நித்திலன் மேல எனக்குக் கோவந்தான். செடிய வளத்துக் குடுத்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிக்காமப் போயிட்டானேன்னு சோறு எறங்கலை. காலைல மோட்டார் போடப் போகும்போதெல்லாம் தண்ணி விட்டுட்டாங்களான்னு யாராச்சும் கேப்பாங்களான்னு நின்னு பாப்பேன். அப்பறம் போன வாரம் புது நம்பர்ல இருந்து போன் வந்துச்சு. குரலு அடையாளமே தெரியலை.

"அம்மா, அந்தச் செடி என்னாச்சுங்கம்மா?"

"புடுங்கி எரிச்சுட்டாங்க சாமி."

"எல்லாமேவா?"

"எல்லாமேதான்."

அழுகறானுங்க. விம்மி விம்மி அழுகறான். நன்றிங்கம்மா, நன்றிங்கம்மாங்கறான். இனிமேல் வாழ்க்கைல எந்தச் செடியும் தொடமாட்டேன், புது ஊரு, புது வேலைன்னு நிம்மதியா இருக்கறேன், ராத்திரி தூக்கம் வருது, முடி கூட மொளைக்குதுன்னான். ஒரு கீரைச் செடி செத்ததுக்கு இப்படிக் கண்ணீர் விடற புள்ளைய நான் இதுவரைக்கும் கண்டதில்லீங்க. என்ர கோவமெல்லாம் அந்த நிமிசமே கரைஞ்சு போச்சு. எனக்கும் அழுகை வந்துருச்சு. பெத்திருந்தாலும் இம்புட்டுப் பாசம் இருந்திருக்காது.

கொம்பு ஒண்ணு பொழைச்சிருக்குதுன்னு வாய் வரைக்கும் வந்துச்சு, சொல்லலை. திடீர்னு பாத்தா இன்னும் சந்தோசப்படுவானில்லீங்களா? உன்ர பேருக்குப் பேங்குல இருந்து என்னமோ தபால் வந்திருக்குதுன்னு சொல்லி விலாசம் கேட்டேன். வீட்டு விலாசம் குடுக்கலை, வேலை செய்யற எடத்து விலாசந்தான் குடுத்தான். ஏர்போர்ட்டுல வேலைங்க. சரக்கெல்லாம் வந்து எறங்கற எடத்துல கணக்குப் பாக்கறானாம்.

முந்தாநாளுதான் அனுப்பினேன். வேருக்கு ஈரத் துணி சுத்தி, தேங்கா நாரு வெச்சு, மீன் அமிலம் ஒரு பாட்டில் பக்கத்துல வெச்சு, செடி மூச்சு விடோணுமேன்னு பெட்டி நெடுகலும் ஓட்டை போட்டு, மேல அவன் பேரக் கொட்டை எழுத்துல எழுதி, கீழ என்ர பேரும் போட்டிருக்கறேன். வழியில தொலைஞ்சு போயிருமோன்னு எனக்கு ஒரே பயம். கொரியர் கடைக்காரர்தான் தைரியம் சொன்னாரு. ஏர்போர்ட்டுன்னா சும்மா இல்லீங்களாம், வர்ற பெட்டிய ஒண்ணு விடாம நாயை விட்டு மோந்து பாத்துட்டுத்தான் உள்ள விடுவாங்களாம். அம்புட்டுக் காவல் இருக்கற எடத்துல என்ன பயம்? நாளைக்குக் காலைல அவன் கைக்குப் போய்ச் சேந்துரும்னு சொல்லியிருக்கறாங்க.